இருநூற்று எழுபத்தேழு

ஏழு ஃபிளாப்பிகள், ஒரு ஸ்க்ரூடிரைவர், நனைந்த கோட்டு.
ஓலெசுன் துறைமுகத்தில் நான் இறங்கியபோது
மீன் வாடையும் மழையும் சேர்ந்தே வரவேற்றன.
மாலுமிகள் ஓய்வூதிய அலுவலகம், இரண்டாம் மாடி.
பதினான்கு மேசைகளில்
பச்சை எழுத்துப் பழைய முனையங்களைக் கழற்றிவிட்டுக்
கணினிகள் வைத்தேன்.

அவற்றுக்குள் நான் ஏற்றிய மென்பொருள் ஒரு பொய்யன்.
நல்ல பொய்யன்.
மலைகளுக்கு அப்பால் ஆஸ்லோவின் நிலவறையில்
விசிறி இரைய உட்கார்ந்திருக்கும் பெருங்கணினியிடம்
நான் அதே பழைய முனையம்தான் என்று சொல்லும்.
இருபத்து நான்கு வரி, வரிக்கு எண்பது எழுத்து,
எனக்கென்று மூளை ஏது என்று சொல்லும்.
கிழட்டு யானை அதை நம்பும்.
திரையின் கீழ் மூலையில் சின்னக் கடிகாரம்
தோன்றி மறைந்தால் சரி,
பேச்சுவார்த்தை முடிந்தது.

எழுத்துத் தொகுதி எது என்று கேட்டது.
கேட்டுவிட்டுத் தானே முப்பத்தேழு என்று நிரப்பியும் வைத்திருந்தது.
அது அமெரிக்காவின் எண்.
வெள்ளிக்கிழமை. கடைசிப் படகுக்கு இருபது நிமிடம்.
சரி என்று அழுத்தினேன்.
பதினான்கு முறை.

திங்கள் காலை ஊரே பெயர் மாறிக் கிடந்தது.
அந்த மொழியின் நெடுங்கணக்கில் கடைசியாக நிற்பவை மூன்று உயிர்கள்:
ஒட்டிப் பிறந்த இரட்டை,
குறுக்கே கோடு பாய்ந்த வட்டம்,
தலையில் வளையம் சுமந்த ஒன்று.
மூன்றையும் காணோம்.
வட்டத்தின் இடத்தில் வால் சுருட்டிய அட் குறி.
வளையத்தின் இடத்தில் டாலர்.
உயிர் போன பெயர்களில் மெய் மட்டும் விறைத்து நின்றது.

"எங்கள் ஊரே டாலரில் ஆரம்பிக்கிறது,
சம்பளமும் அப்படித்தானா?" என்று
தொலைபேசியில் சிரித்தார் மேலாளர் ஹால்வார்ட்.
ஓஸ்லௌக் சிரிக்கவில்லை.
அவள் பெயருக்கும் முதலில் வளையம்தான்.

அவள் மேசை விதவைகளுக்கானது.
அன்று தபாலில் சேரவேண்டியவை பதினொரு கடிதங்கள்.
கடல் ஒருமுறை விழுங்கிய பெயரை
நாமும் மென்று துப்பி அனுப்புவதா?
டாலரை அழித்து வளையத்தை வைத்தாள்.
சுருண்ட வாலை அழித்து, கோடு பாய்ந்த வட்டத்தை வைத்தாள்.
தூர்பியோர்ன். ஸ்டோலெ. யோருன்.
பதினொன்றையும் பார்த்துப் பார்த்துத் திருத்தி
அனுப்பு விசையை அழுத்தினாள்.
கடிகாரம் வந்தது, போனது.
திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தன.

செவ்வாய் மதியம் வந்து எண்ணை மாற்றினேன்.
இருநூற்று எழுபத்தேழு.
மூன்று இலக்கம், அவ்வளவுதான் என் வேலை.
நாற்பதாயிரம் பெயர்கள் எழுந்து உட்கார்ந்தன.
யாரோ கைதட்டினார்கள்.

பதினொன்று எழவில்லை.

அவள் தொட்ட பெயர்கள் மட்டும்
டாலரும் சுருண்ட வாலுமாய்க் கிடந்தன.
கிடங்கில் எதுவும் கெட்டிருக்கவில்லை என்று விளக்கினேன்.
சன்னல்தான் கெட்டிருந்தது.
கண்ணாடிக் கறையைத் துடைப்பதாக நினைத்து
உள்ளே இருந்தவர் முகத்தைத் துடைத்துவிட்டீர்கள்.
சொல்லி முடித்துத்தான் நாக்கைக் கடித்தேன்.
கறை நான் வைத்தது.

அவள் ஒன்றும் பேசவில்லை.
இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
பால் விடாத காப்பி இரண்டு கோப்பை.
தாளைப் பார்த்து அவள் வாசிக்க, நான் தட்டினேன்.
ஒவ்வொன்றுக்கும் ஆஸ்லோ சற்று யோசித்தது.
வெளியே ஒரு படகு கூவியது, இன்னொன்று பதில் தரவில்லை.

எட்டாவது பெயருக்கு அவள் தாளைப் பார்க்கவில்லை.
எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றேன்.
இரண்டாவது எழுத்துக்குத் தலையில் வளையம், என்றாள்.
மெதுவாகப் போடு.